மூன்றாவது வரியைப் படியுங்கள்

கேள்வி: ஐயா, எனக்கு 31 வயது. கும்பகோணத்தில் மருந்துக் கடையில் வேலை. பாட்டி காலமான பிறகு அவருடைய தகரப் பெட்டியில் ஆறு வெள்ளி ரூபாயும் பதினேழு செப்புக் காசும் கிடைத்தன. வெள்ளியில் நான்கு 1862, ஒன்று 1911, ஒன்று 1942. செப்புக் காசெல்லாம் ராஜராஜன் காசு என்று சொல்லி, மொத்தத்துக்கும் 1,500 ரூபாய் தருவதாக ஒரு வியாபாரி கேட்கிறார். என் நண்பர் ஒருவர் 100 ரூபாய்க்கு வாங்கிய காசை 6,000 ரூபாய்க்கு விற்றார். அப்படி மலிவில் நல்ல நாணயம் பிடிப்பது எப்படி? மாதம் 3,000 ரூபாய் ஒதுக்க முடியும். என்னிடம் வைஷ்ணவ தேவி நாணயம் இரண்டும் உண்டு. அது லட்சக்கணக்கில் போகும் என்கிறார்களே, உண்மையா? எல்லாவற்றுக்கும் எண் போட்டுப் படம் அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள தம்பி,

வைஷ்ணவ தேவி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அது 2012-ல் 5 ரூபாயிலும் 10 ரூபாயிலும் வந்த நாணயம். புழக்கத்துக்கென்றே அடித்தது, கடைச் சில்லறையில் இன்றும் கைக்கு வருகிறது. அதற்கு லட்சம் தருகிறேன் என்று போன் செய்பவர், அடுத்த போனில் பதிவுக் கட்டணம் என்றும் வரி என்றும் சொல்லி உங்களிடம் பணம் கேட்பார். ரிசர்வ் வங்கியின் பெயரையே போட்டு இப்படி ஏமாற்றுகிறார்கள் என்று அந்த வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை வெளியிட்டது. அந்த எண்ணை பிளாக் செய்துவிடுங்கள். இரண்டு நாணயத்தையும் செலவழித்தாலும் சரி, ஆசைக்கு வைத்துக்கொண்டாலும் சரி.

இனி நீங்கள் உண்மையில் கேட்ட கேள்வி. உங்கள் நண்பர் 100 ரூபாய்க்கு வாங்கியது எந்தக் காசு என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் எதைப் பார்த்து வாங்கியிருப்பார் என்று சொல்ல முடியும். விற்றவர் பார்க்காத ஒன்றை அவர் பார்த்திருக்கிறார். விற்பவர் எதைப் பார்த்து விலை சொல்கிறாரோ அதையே நீங்களும் பார்த்தால் அவர் சொன்ன விலைக்குத்தான் வாங்குவீர்கள். பெரும்பாலான வியாபாரிகள் நாணயத்தைக் கையில் எடுத்ததும் மூன்றைப் பார்ப்பார்கள்: என்ன உலோகம், யார் பெயர், எந்த வருடம். அவரிடம் ஒரு நாளைக்கு ஆயிரம் நாணயம் வந்துபோகிறது, அதற்கு மேல் பார்க்க நேரம் இல்லை. அந்த மூன்றுக்கு அப்பால் நாலாவதாக ஒன்றைப் பார்க்கப் பழகிய கண்ணுக்குத்தான் மலிவு அகப்படும்.

உங்கள் பெட்டியில் இருக்கிற செப்புக் காசையே எடுத்துக்கொள்வோம். நமக்கெல்லாம் பழகிய காசு அது. ஒரு பக்கம் நிற்கிற உருவம், பக்கவாட்டில் புள்ளிகளும் பிறையும். மறுபக்கம் உட்கார்ந்த உருவம், அதன் இடக்கைக்குக் கீழே இன்றைய இந்தி எழுத்துக்கு மூத்ததான நாகரி எழுத்தில் மூன்று வரி: ஸ்ரீ, ராஜ, ராஜ. சோழநாட்டிலும் ஈழத்திலும் ஏராளமாகக் கிடைக்கிற காசு என்பதால் கிலோக் கணக்கில் கைமாறியிருக்கிறது. ஆற்று மணலை அரிக்கிற அரிப்புக்காரர்கள் கொண்டுவந்து போட, பாத்திரக் கடையில் செம்பு விலைக்கு எடை போட்டு எடுத்த காலமும் உண்டு. ஆகவே இந்தக் காசு என்றாலே வியாபாரி வாயில் ‘ராஜராஜன்’ என்றுதான் வரும். பத்தில் ஒன்பது தடவை அது சரியாகவும் இருக்கும்.

ஆனால் சோழர் ஆட்சி ஈழத்தில் முடிந்த பிறகு, பொலன்னறுவையில் ஆண்ட மன்னர்கள் இதே காசை, இதே நிற்கும் உருவத்தோடும் உட்கார்ந்த உருவத்தோடும் அடித்துக்கொண்டே இருந்தார்கள். மாறியது அந்த மூன்று வரிப் பெயர் மட்டும்தான். பராக்கிரமபாகு, சாகசமல்லன், மூன்று தடவை அரியணை ஏறி இறங்கிய அரசி லீலாவதி என்று வரிசையாக வருவார்கள். லீலாவதியின் காசில் எழுத்து ‘ஸ்ரீ ராஜ லீலாவதி’. கவனித்தீர்களா? ‘ஸ்ரீ ராஜ’ வரை இரண்டும் ஒன்றேதான். தேய்ந்த காசில் முதல் இரண்டு வரியை எழுத்துக்கூட்டிப் படித்ததும் ராஜராஜன் என்று முடிவுகட்டிப் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். மூன்றாவது வரியைப் படித்தவருக்குத்தான் அது வேறொருவர் காசு என்று தெரியும்.

லீலாவதி காசும் பராக்கிரமபாகு காசும் ஓரளவு கிடைக்கும், அவற்றில் பெரிய பணம் இல்லை. நீங்கள் நின்று பார்க்க வேண்டியது ‘தேவ’ என்று முடிகிற பெயர். சோடகங்க தேவன் 1196-97 வாக்கில் ஒரு வருடம்கூட முழுதாக ஆளவில்லை. தர்மாசோக தேவன் 1208-ல் அரியணையில் ஏற்றப்பட்டபோது மூன்று மாதக் குழந்தை, அடுத்த ஆண்டே எல்லாம் முடிந்துவிட்டது. ஆட்சி எவ்வளவு குறுகியதோ காசும் அவ்வளவு குறைவு.

ஒரு நாணயக் கண்காட்சியில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மேசையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறையச் செப்புக் காசு, மேலே அட்டையில் ‘ராஜராஜன், எதை எடுத்தாலும் 120’ என்று எழுதியிருந்தது. நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்தேன். ஒவ்வொன்றாக எடுத்து, வெளிச்சத்துக்குச் சாய்த்து, மூன்றாவது வரியை மட்டும் பார்த்துத் திரும்ப வைத்தேன். முதல் ஒரு மணி நேரத்தில் இரண்டு லீலாவதி. அதற்குள் விரலெல்லாம் பச்சையாகிவிட்டது. கடைக்காரர் இரண்டு தடவை டீ குடித்துவிட்டு வந்தார். டப்பாவின் அடியில், மண் அப்பிய ஒரு காசில் கடைசி வரி ‘ராஜ’ மாதிரி உருளாமல் ‘வ’ போல முடிந்தது. லென்ஸை வைத்தேன், ‘தேவ’. முதல் வரியில் ஸ்ரீ தெரிந்தது, நடுவரி பாதிதான் தெரிந்தது. மேற்கொண்டு யோசிக்கவில்லை. இரண்டு லீலாவதியோடு சேர்த்து 360 ரூபாய் எண்ணிக் கொடுத்தேன். வீட்டில் வாரக்கணக்கில் தண்ணீரில் ஊறிய பிறகுதான் நடுவரி வாய் திறந்தது. தர்மாசோகன்.

அந்த நாள் வருவதற்கு முன்னால், எத்தனையோ கண்காட்சிகளில் எத்தனையோ டப்பாக்களைக் கிண்டிவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறியிருக்கிறேன். பொறுமை என்று நான் சொல்வது அதைத்தான். ஏதாவது வாங்காமல் வீடு திரும்ப மனம் வராதவர்களிடம்தான் டப்பாவில் மிஞ்சிய சரக்கெல்லாம் போய்ச் சேர்கிறது. வந்ததற்கு அடையாளமாக ஒன்று என்று வாங்குகிற பழக்கத்தை நீங்கள் தொடங்கவே வேண்டாம்.

உங்கள் வெள்ளி ரூபாய்க்கு வருகிறேன். நான்கும் 1862 என்று சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள். அதில்தான் சுவாரசியம். 1862 என்று பொறித்த ரூபாயெல்லாம் அந்த ஒரே வருடத்தில் அடித்தவை அல்ல. பத்தாண்டுக்கு மேல் ஆண்டெண்ணை மாற்றாமல் அதையே பொறித்துக்கொண்டிருந்தார்கள். 1874 வாக்கில்தான் உண்மையான வருடம் திரும்பி வருகிறது. நடுவில் பம்பாயில் அச்சானவற்றில், எந்த வருடத்துச் சரக்கு என்று தங்களுக்குத் தெரிய, பின்பக்கத்தில் ஆண்டெண்ணை ஒட்டிக் கடுகை விடச் சிறிய புள்ளிகளை வைத்தார்கள். புள்ளி எத்தனை, எந்த இடத்தில் என்பதற்கேற்ப வகை மாறும், விலையும் மாறும். முன்பக்கம் ராணியின் உருவத்திலும் ஒன்றுக்கு மேற்பட்ட அச்சு உண்டு. இதே கதைதான் 1840 என்று பொறித்த ரூபாய்க்கும். அதுவும் இருபது வருடம் போல ஒரே ஆண்டெண்ணோடு ஓடியது. அதில் பின்பக்கத்து இலைமாலையில் இருக்கிற சிறு காய்களை எண்ண வேண்டும். 28 காய் உள்ளதும் உண்டு, 35 காய் உள்ளதும் உண்டு. ஊசிமுனை அளவு வேலை என்பதால் அவசரக்காரர்கள் இதற்குள் நுழைவதில்லை. வெள்ளிக் கடையிலும் அடகுக் கடையிலும் விக்டோரியா ரூபாய் என்றால் எல்லாவற்றுக்கும் ஒரே விலை. உங்களுக்கு அதுதான் இடம்.

1911 ரூபாய் பற்றிய கதை உங்களுக்கே தெரிந்திருக்கும். ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் இருந்த யானை, தும்பிக்கை குட்டையாகிப் பன்றி போலத் தெரிந்ததால் முஸ்லிம்கள் மனம் புண்பட்டு எதிர்ப்புக் கிளம்பியது. 90 லட்சத்துக்கு மேல் அச்சடித்ததில் சுமார் 7 லட்சம்தான் வெளியே போயிருந்தது, மீதியை உருக்கிவிட்டார்கள். 1912-ல் யானையைத் திருத்தினார்கள். நல்ல கதைதான். ஆனால் கதை ஊருக்கே தெரிந்த நாணயத்தில் மலிவு கிடைக்காது. விற்பவர் முதலில் கதையைச் சொல்லிவிட்டுத்தான் விலையைச் சொல்வார். உங்களுடையது பாட்டி சொத்து, வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். 1942 ரூபாய் எடையில் மற்றவற்றைப் போலவே 11.66 கிராம் இருக்கும், ஆனால் வெள்ளி பாதிதான். 1940-லிருந்து அப்படி ஆக்கிவிட்டார்கள். பழைய ரூபாயில் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி, அதாவது ஏறக்குறைய 10.7 கிராம். 1942-ல் 5.83 கிராம். இரண்டையும் ஒரே விலைக்குக் கேட்பவர் யாராக இருந்தாலும், அவர் கையில் எது இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு பேசுங்கள்.

பழமைக்கும் அருமைக்கும் சம்பந்தம் இல்லை என்பதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1808-ல் அடித்த பத்துக் காசு, இருபதுக் காசு செப்பு நாணயங்கள் இருக்கின்றன. அவற்றை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட ‘அட்மிரல் கார்டனர்’ என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல், 1809 ஜனவரியில் கென்ட் கடற்கரைக்கு எதிரே மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980-களில் முக்குளித்தவர்கள் லட்சக்கணக்கில் அந்தக் காசை மேலே கொண்டுவந்தார்கள். இருநூறு வருடத்துக் காசு, சில இடங்களில் இன்னும் செம்பு நிறம் மாறாமல் இருக்கும். ஆனாலும் மலிவுதான். வருடத்தை மட்டும் பார்த்துப் பதினாயிரம் கேட்பவரும் இருக்கிறார், நம்பிக் கொடுப்பவரும் இருக்கிறார்.

நான் ஏமாந்ததையும் சொல்லத்தான் வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிது. மூர் மார்க்கெட் 1985-ல் எரிவதற்கு முன்பு மாணவனாக அங்கே சுற்றிக் கொஞ்சம் கற்றிருந்தேன், எல்லாம் தெரியும் என்ற நினைப்பு இருந்தது. ஆறாம் ஜார்ஜின் 1939 ரூபாய் அரிது என்று படித்திருந்தேன். ஒருவர் கொண்டுவந்தார். எடை சரி, ஓசை சரி, வெள்ளி சரி. பாதிச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கினேன். சில வாரம் கழித்து, ஒரு பெரியவர் தன் லென்ஸை என் கையில் கொடுத்து, ‘9 இருக்கிற தரையைப் பாருங்கள்’ என்றார். மற்ற இடமெல்லாம் ஒரே மாதிரி மங்கலாக இருக்க, அந்த ஒரு எண்ணைச் சுற்றி மட்டும் மெல்லிய கீறல்கள், கொஞ்சம் பள்ளம். 1938-ன் 8-ஐச் சுரண்டி 9 ஆக்கியிருந்தார்கள். நாணயம் அசல், எண் மட்டும் போலி. அதனால்தான் தராசு காட்டிக்கொடுக்கவில்லை. 1938 ரூபாயை அதற்கு முன் இருபது முப்பதாவது கையில் எடுத்துப் பார்த்திருந்தால் அந்த 9-ன் வளைவே எனக்குச் சொல்லியிருக்கும். அரிய நாணயத்தை அடையாளம் காணச் சாதாரண நாணயத்தைத்தான் நிறையப் பார்க்க வேண்டும். இதைத் தலைகீழாகச் செய்துதான் பலரும் பணத்தை விடுகிறார்கள்.

ஆகவே உங்கள் மூவாயிரம். முதல் ஆறு மாதம் நாணயம் எதுவும் வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ் ஒன்று, 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று, நீங்கள் தேர்ந்தெடுக்கிற வகைக்கு ஒரு நல்ல விலைப்பட்டியல் புத்தகம், ஒரு நோட்டு. மிச்சத்தைச் சேர்த்து வையுங்கள். சென்னைக்கு வரும்போது எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவில் அரைநாள் நில்லுங்கள். மெட்ராஸ் காயின் சொசைட்டி போன்ற சங்கங்களின் கூட்டங்களில் போய் உட்காருங்கள். பெரியவர்கள் லென்ஸைக் கொடுப்பார்கள், கையில் நாணயத்தையும் கொடுப்பார்கள். இதற்கு ஈடான பள்ளிக்கூடம் இல்லை. மேசைகளில் பார்க்கிற விலையை நோட்டில் எழுதி வாருங்கள். கேட்கிற விலை வேறு, விற்ற விலை வேறு. விற்றதை மட்டும் நம்புங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது? ஒன்றை, ஒன்றை மட்டும். சோழ, ஈழச் செப்புக் காசா, விக்டோரியா ரூபாயா, அல்லது உங்கள் பக்கத்திலேயே கிடைக்கிற டேனிஷ் தரங்கம்பாடிக் காசா, புதுச்சேரி என்று தமிழிலேயே பொறித்த பிரெஞ்சுக் காசா, அது உங்கள் விருப்பம். கும்பகோணத்துக்காரர் என்பதால் செப்புக் காசையே நான் சொல்வேன். வேண்டியது பத்துப் பன்னிரண்டு நாகரி எழுத்து. ஒரு வார வேலை. அதைக் கற்றுக்கொள்ள மறுக்கிற வியாபாரி இருக்கிற வரை உங்களுக்கு வழி திறந்தே இருக்கும்.

நாணய ஆய்வாளரும் பத்திரிகை ஆசிரியருமான இரா. கிருஷ்ணமூர்த்தி, சங்ககாலப் பாண்டியரின் சதுரச் செப்புக் காசு ஒன்றில் ‘பெருவழுதி’ என்ற தமிழ் பிராமி எழுத்தைப் படித்துச் சொன்னார். அதுவரை பெயரில்லாத செப்புத் துண்டுகளாகக் கைமாறிய காசுகளுக்கு ஒரு பாண்டியன் பெயர் கிடைத்தது. அதற்குத் தேவைப்பட்டது படிக்கத் தெரிந்த கண். பணத்தைத் தாண்டியும் இந்தக் கலையில் ஒரு பொருள் இருக்கிறது என்று நான் நம்புவது அதனால்தான்.

இன்னொன்றை உரிமையோடு சொல்கிறேன். உங்கள் கண்ணின் கூர்மையை வியாபாரியிடம் காட்டுங்கள், அது அவர் தொழில், பார்த்து விற்க வேண்டியது அவர் பொறுப்பு. கஷ்டத்துக்கு வீட்டுக் காசை எடுத்துக்கொண்டு உங்களிடம் வருகிற ஒரு அம்மாவிடம் காட்டாதீர்கள். அவரிடம் இது இன்ன காசு, இவ்வளவு பெறும் என்று சொல்லிவிட்டு நியாயமான விலை கொடுங்கள். ஊரில் அந்தப் பெயர் பரவினால் பெட்டிகள் தானாக உங்களைத் தேடி வரும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். பாட்டியிடமிருந்து வந்தது உங்களுடையது. ஆனால் மண்ணுக்குள் புதைந்து கிடைத்தது, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதென்றால், 1878-ம் வருடப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறு வருடத்துக்கு மேற்பட்ட நாணயம் 1972-ம் வருடத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். அதை அனுமதியில்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது, வியாபாரமாகச் செய்ய உரிமம் வேண்டும்.

இப்போது உங்கள் பதினேழு காசு. தயவுசெய்து புளி போட்டோ எலுமிச்சை தேய்த்தோ துலக்கிவிடாதீர்கள். அந்தப் பச்சையும் கருமையும்தான் எழுத்தைக் காத்து வைத்திருக்கிறது. ஒருமுறை பளபளவென்று ஆனால் எழுத்தின் ஓரமும் சேர்ந்து போய்விடும், திரும்ப வராது. பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரில் போட்டு, இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றி, மெத்தென்ற துணியால் ஒற்றி எடுங்கள். வெளிர்பச்சைப் பொடி உதிர்கிற காசு இருந்தால் மற்றவற்றோடு சேராமல் தனியே வையுங்கள்.

நீங்கள் அனுப்பிய படங்களில் பதினொன்று ராஜராஜன் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடிகிறது. 4-ம் 12-ம் லீலாவதி. மூன்றில் எழுத்தே போய்விட்டது. மிச்சம் இருப்பது 9-ம் எண் காசு. ஃபிளாஷ் போட்டு எடுத்ததால் நடுவில் வெள்ளையாகப் பட்டை அடித்துவிட்டது, ஆனால் கடைசி வரி எனக்கு ‘ராஜ’ என்று படவில்லை. நாளைக் காலை ஏழு மணிக்கு ஜன்னலோரம் கறுப்புத் துணி விரித்து அதை வையுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். வெயில் இடப்பக்கத்திலிருந்து சாய்வாக விழட்டும். காசை மெல்லத் திருப்பித் திருப்பி நாலைந்து படம் எடுத்து அனுப்புங்கள். எடையும் போட்டு எழுதுங்கள். அதுவரை அந்த 1,500 ரூபாய்க்குத் தலையாட்ட வேண்டாம்.